பழைய பேஸ்பால் கார்டு: கேளுங்கள், சொல்கிறோம்

நியூஜெர்சியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பரணில் ஒரு ஷூ பெட்டி நிறைய பேஸ்பால் கார்டுகள் (வீரரின் படமும் ஆட்டப் புள்ளிவிவரமும் அச்சான சிறு அட்டைகள்) கிடந்தன. குப்பையா, புதையலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் வேலை, கார்டுக் கட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் பேண்டை இழுக்காமல் இருப்பது. காய்ந்த ரப்பர் கார்டின் ஓரத்தோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் தாளையும் உரித்துக்கொண்டு வரும். கத்தரியால் வெட்டிவிட்டு, ஒட்டிய துண்டை அப்படியே விடுங்கள்.

அடுத்து கார்டைத் திருப்பிப் பின்பக்கப் புள்ளிவிவரத்தின் கடைசி வரியைப் பாருங்கள். அதில் 1957 என்றிருந்தால் அது பெரும்பாலும் 1958ஆம் ஆண்டுக் கார்டு. அளவும் காலத்தைச் சொல்லும். டாப்ஸ் நிறுவனத்தின் 1952 முதல் 1956 வரையிலான கார்டுகள் 2⅝ × 3¾ அங்குலம். 1957இலிருந்து இன்றுவரை 2½ × 3½. வருடவாரியாகப் பிரித்து, அதற்குள் கார்டு எண் வரிசையில் அடுக்குங்கள்.

பெட்டி முழுக்க 1980களின் பிற்பகுதியும் 1990களின் தொடக்கமுமாக இருந்தால் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1981இல் ஃப்ளீர், டான்ரஸ் இரண்டும் டாப்ஸுக்குப் போட்டியாக இறங்கின. பின்னால் இன்னும் பல வந்து, எல்லோரும் மலைமலையாக அச்சடித்தார்கள். வாங்கியவர்களும் பிற்காலத்தில் விலை ஏறும் என்று பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு எப்படி விலை வரும்? அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 தொகுப்பில் முதல் எண் கார்டான கென் கிரிஃபி ஜூனியர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மற்றதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

மிக்கி மேண்டில் என்ற வீரரின் 1952 டாப்ஸ் கார்டு ஒன்று 400 டாலருக்கு வருகிறது. ‘தாத்தா வைத்திருந்தது’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

தாத்தாவை விடுங்கள், ஸ்கேலை எடுங்கள். 1983இல் டாப்ஸ் நிறுவனமே 1952 தொகுப்பை மறுபதிப்பாக வெளியிட்டது. அசலில் 407 கார்டு. ஐந்து வீரர்களின் அனுமதி கிடைக்காததால் மறுபதிப்பில் 402. அவை 2½ × 3½ அங்குலம், அதாவது சுமார் 63.5 × 89 மி.மீ. அசல் 66.7 × 95 மி.மீ. பின்பக்கம் மறுபதிப்பு என்று அச்சாகியிருக்கும். அந்த இடம் சுரண்டியோ தேய்ந்தோ இருந்தால் அதுவே பதில்.

அளவு சரியாக இருந்தாலும் முடிந்துவிடவில்லை. சரியான அளவிலேயே போலி அடிப்பவர்கள் உண்டு. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பெயரின் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் படம் மட்டும்தான் புள்ளிகளால் ஆனது. எழுத்தும் கறுப்புக் கோடும் தனி மையில் அடைத்து அச்சானவை. அசலை ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தும் புள்ளிபுள்ளியாக உடைந்து தெரியும். இன்னொரு சோதனை: அதே வருடத்தின் விலை குறைந்த கார்டு ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். தடிமன், பின்பக்கத் தாளின் நிறம், வழவழப்பு மூன்றையும் ஒப்பிட இதைவிட நல்ல கருவி கிடையாது. தேய்த்து, காபியில் நனைத்துப் பழசாக்கிய கார்டில் அழுக்கு எங்கும் ஒரே சீராக இருக்கும். உண்மையில் பழசானதில் மூலையும் ஓரமும்தான் முதலில் அடிபடும்.

1952 தொகுப்பின் கடைசி வரிசையான 311 முதல் 407 வரை பருவம் முடியும் நேரத்தில் கடைக்கு வந்ததால் தேங்கிப்போனது. 1960 வாக்கில் மிச்சத்தைப் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியதாக டாப்ஸில் வேலை பார்த்த சை பெர்கர் சொல்லியிருக்கிறார். ஆனால் 311ஆம் எண்ணான மேண்டில், அச்சுத்தாளில் இரண்டு முறை இடம்பெற்றவர். அந்த வரிசையின் பெரும்பாலான கார்டுகள் அவரைவிட அரிது. அவருடைய முதல் கார்டும் அது இல்லை, போமன் நிறுவனத்தின் 1951 கார்டுதான். எண்ணிக்கையை மீறி ஆசைதான் விலையை ஏற்றுகிறது. 2022 ஆகஸ்டில் ஒரு பிரதி 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது.

அதே தொகுப்பில் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. பெரிய நட்சத்திரம் இல்லையே, நல்ல பிரதிக்கு ஏன் இவ்வளவு விலை?

எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டால் மேலே இருப்பவர் அவர்தான். எல்லா அடியும் அவருக்கு. பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் கார்டை டவுசர் பையில் திணித்து அலைந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

சில பழைய சிகரெட் கார்டுகளை டி206 என்கிறார்கள், கார்டில் எங்குமே அந்த எண் இல்லையே? ஆல்பத்தில் ஒட்டியிருந்த சிலவற்றை எப்படி எடுப்பது?

பெயர் வைத்தது ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர். அவருடைய பட்டியலில் ‘டி’ என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டு. அவர் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டி206 கார்டுகள் 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்தவை. அளவு 1 7⁄16 × 2⅝ அங்குலம்.

உரித்து எடுக்கவே கூடாது. அந்தக்காலப் பசை நம் ஊர் சுவரொட்டிக்குப் பூசும் மைதா பசை மாதிரியானதாக இருந்தால் தண்ணீரிலேயே இளகும். ஆல்பத் தாளைக் கார்டைச் சுற்றி வெட்டிக்கொண்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். தானாக விலகாவிட்டால் தண்ணீரை மாற்றி இன்னும் சில மணி நேரம். நகத்தால் நெம்ப வேண்டாம், ஊறிய தாள் வெண்ணெய் மாதிரி. பிறகு இரண்டு மையொற்றுத் தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்கள். ஒற்றுத்தாளைத் தினமும் மாற்றி ஒரு வாரம் விடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் வளைந்துவிடும். முதலில் விலை குறைந்த, கிழிந்த கார்டில் பழகுங்கள். கறை நீக்க பிளீச்சோ வேறு ரசாயனமோ சேர்த்தால் அது கார்டைத் திருத்தியதாகக் கணக்காகும்.

புற ஊதா விளக்கு ஒன்றும் வாங்கிவையுங்கள். அந்தக் காலத் தாளில் வெண்மையூட்டி கிடையாது. ‘டி206’ பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அது பிற்காலத் தாள்.

1971 டாப்ஸ் கறுப்பு ஓரக் கார்டு, மூலைகள் அப்பழுக்கில்லாமல் இருக்கின்றன. சந்தேகப்பட வேண்டுமா?

கட்டாயம். கறுப்பு மை உதிர்ந்து வெள்ளை தெரிவது அந்த வருடத்தின் பிறவிக் குணம். மார்க்கரால் பூசி மறைப்பார்கள். கார்டைப் பக்கவாட்டில் பிடித்து ஓரத்தின் தடிமனைப் பாருங்கள். வெட்டுமுகம் வெள்ளையாக இருக்க வேண்டும். பூசியிருந்தால் அங்கும் மை ஊறியிருக்கும்.

எல்லாவற்றையும் கிரேடிங்குக்கு, அதாவது கார்டின் நிலைக்கு மதிப்பெண் போடும் நிறுவனத்துக்கு, அனுப்பலாமா?

வேண்டாம். ஒரு கார்டுக்கு ஆகும் கட்டணம், தபால், காப்பீடு மூன்றையும் கூட்டுங்கள். நீங்கள் எதிர்பார்ப்பதைவிட ஒரு படி குறைந்த மதிப்பெண் வந்தாலும் அந்தத் தொகை திரும்புமானால் மட்டும் அனுப்புங்கள். இடது ஓரம் 2 மி.மீ., வலது ஓரம் 3 மி.மீ. என்றால் படம் நடுவில் இல்லை, மையம் 40/60. மூலை கூர்மையாக இருந்தும் மதிப்பெண் சரிவது பெரும்பாலும் இதனால்தான். மெல்லிய மடிப்பை நேர்ப்பார்வை காட்டாது. விளக்கைச் சாய்த்து அடித்துப் பாருங்கள்.

கிரேடிங் வேதவாக்கும் அல்ல. பிஎஸ்ஏ நிறுவனம் முதன்முதலில் மதிப்பிட்ட கார்டு ஒரு டி206 ஹோனஸ் வாக்னர், மதிப்பெண் பத்துக்கு 8. அதன் ஓரங்களைத் தானே வெட்டித் திருத்தியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார்.

தபாலில் கார்டு மாற்றிக்கொள்ளும்போது மூலை மடங்கியே வருகிறது.

மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் கார்டு, அது டாப்லோடர் என்ற விறைப்பான பிளாஸ்டிக் கூட்டுக்குள். டாப்லோடரின் வாயை எளிதில் உரியும் பெயின்டர் டேப்பால் மூடி, நுனியை மடித்து இழுக்க வசதியாக விடுங்கள். சாதாரண செலோடேப் ஒட்டினால் பிரிக்கும்போதுதான் கார்டு வெளியே பாய்ந்து மூலை போகும். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் காற்றுக்குமிழ் உறையில் அனுப்புங்கள். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துக் கார்டில் ஒட்டும். அனுப்புவதற்கு முன் நான்கு மூலையையும் பின்பக்கத்தையும் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.