புற ஊதா விளக்கில் ஒளிராவிட்டால் பேட்ச் அசல்தானா?

கேள்வி: போர் விமானப் படைகளின் பழைய ஸ்க்வாட்ரன் பேட்ச்களை (விமானப் பிரிவின் சின்னம் போட்டு ஜாக்கெட்டில் தைக்கும் வில்லைகள்) சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கப் பேட்ச் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புற ஊதா விளக்கில் பார்த்தேன், ஒளிரவில்லை. நம்பி வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம், ஒளிரவில்லை என்பதை மட்டும் வைத்து அசல் என்று சொல்லிவிட முடியாது. செயற்கை நூலிலும் பிற்காலத் துணிகளிலும் சேர்க்கிற வெண்மையூட்டிதான் அந்த நீல ஒளியைத் தருகிறது. இது போலி செய்பவர்களுக்கும் தெரியும்; பருத்தி நூலிலேயே தைத்துவிடுகிறார்கள். அசல் பேட்சை யாரோ பின்னாளில் சலவைத்தூள் போட்டுத் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும்.

நான் முதலில் பேட்சைக் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். ஜாக்கெட்டில் பல வருடம் இருந்த பேட்சின் முன்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும்; துணியோடு ஒட்டிக் கிடந்த பின்பக்க நூலில் பழைய நிறம் அப்படியே இருக்கும். முன்னே மங்கிய மஞ்சள், பின்னே பளிச்சென்ற மஞ்சள் என்றால் நல்ல அறிகுறி. தேநீரில் ஊறவைத்துப் பழசாக்கியது என்றால் இரண்டு பக்கமும் ஒரே பழுப்பாக இருக்கும். அப்புறம், ஓரத்தைச் சுற்றி ஊசித் துளைகள் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். துளை இல்லாததாலேயே போலி ஆகிவிடாது, தைக்கப்படாமல் பெட்டியிலேயே இருந்தவையும் உண்டு. ஆனால் ‘விமானி போட்டிருந்தது’ என்று சொல்லி விற்கும் பேட்சில் ஒரு துளைகூட இல்லையென்றால் அந்தக் கதையை நம்பாதீர்கள்.

விளிம்பைப் பாருங்கள். கயிறு சுற்றியதுபோலத் தடித்த மெர்ரோ விளிம்பு பேட்ச்களில் பரவலானது போருக்கு வெகுகாலம் கழித்துத்தான். அந்தக் காலத்துத் தையல் பேட்ச்களுக்கு வெட்டிய விளிம்புதான் வழக்கம். பின்னால் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் வாங்காமல் விட்டுவிடலாம். தோலில் வண்ணம் தீட்டிய பேட்ச் என்றால், விரிசல் தோலின் மடிப்பை ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சீராக வெடித்திருந்தால் சந்தேகம்தான்.

எந்தப் படைப்பிரிவின் சின்னம் என்பதும் முக்கியம். பறக்கும் புலிகள் என்று பேரெடுத்த அமெரிக்கத் தன்னார்வப் படை சீனாவில் போரிட்டது 1941 டிசம்பர் முதல் 1942 ஜூலை வரைதான். விமானிகள் ஏறக்குறைய நூறு பேர். சிறகு முளைத்த அந்தப் புலியை வரைந்து கொடுத்தது டிஸ்னி ஸ்டூடியோ. இத்தனை சிறிய படை, இத்தனை பெரிய புகழ்! அதனால்தான் அந்தப் புலி இருக்கும் எதையும் நான் இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்கிறேன். வியட்நாம் போர்க் காலத்தில் அங்கேயே உள்ளூரில் தைத்த பேட்ச்களில் அசலைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அதே மாதிரி கையால் ஓட்டும் தையல் இயந்திரத்தில் பிற்காலத்திலும் நிறையத் தைத்திருக்கிறார்கள். அனுபவசாலிகளே அதில் ஏமாந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

சரி, உங்கள் பேட்சுக்கு வருவோம். பின்பக்கத்தையும் விளிம்பையும் நெருக்கத்தில் பார்க்க விற்பவரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் வாங்காதீர்கள். வாங்கினால் அழுக்கோடு அப்படியே வையுங்கள். துவைத்தால் சாயம் இறங்கும், வயதைச் சொல்லும் தடயங்களும் போய்விடும். பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், பசை வைத்து ஒட்டாதீர்கள். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, வெளிச்சம் படாத பெட்டியில் வையுங்கள். கம்பளித் துணிப் பேட்ச் என்றால் அந்துப்பூச்சி இருக்கிறதா என்று அவ்வப்போது பிரித்துப் பாருங்கள்.