போட்டோவை ஆய்வேட்டில் எப்படிப் படிப்பது? ராமநாதபுரம் கரையிலிருந்து வந்த கேள்விகள்

ஆய்வேடு கொடுக்கும் நாள் நெருங்கும்போது எனக்கு வரும் கடிதங்களில் பாதி படங்களைப் பற்றித்தான் இருக்கும். படம் கையில் இருக்கிறது, அதை வைத்து என்ன எழுதுவது என்பதுதான் எல்லோருக்கும் தவிப்பு. இந்த முறை தொண்டியிலிருந்து கீழக்கரை வரை உள்ள மாணவர்கள் கேட்டவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

ஐயா, பாம்பன், தனுஷ்கோடி மீனவர் வாழ்க்கை பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். 40 பழைய புகைப்படங்கள் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதினேன். "இது வர்ணனை, ஆய்வு இல்லை" என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? (முதுகலை வரலாற்று மாணவி, ராமேஸ்வரம்)

நெறியாளர் சொன்னது சரி. ஆனால் எழுதிய வர்ணனையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆய்வுக்கு அதுதான் அடித்தளம். கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1939இல் ஓவியங்களைப் படிக்க மூன்று படிகள் சொன்னார். கண்ணுக்குத் தெரிவது என்ன, அந்தப் பண்பாட்டை அறிந்தவருக்கு அது என்னவாகத் தெரிகிறது, அப்படி ஒரு படம் அந்தக் காலத்தில் ஏன் உருவானது. அவர் ஐரோப்பிய ஓவியங்களை மனத்தில் வைத்துச் சொன்னார் என்றாலும், நம் கரையின் புகைப்படத்துக்கும் இந்த வரிசை நன்றாகவே உதவும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு வள்ளங்கள் மணலில் ஏற்றிக் கிடக்கின்றன. பாய்கள் இறக்கப்பட்டிருக்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லை. ஓர் ஓரத்தில் வலை விரித்திருக்கிறது. முதல் படியில் இவ்வளவுதான் எழுத வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்திலேயே "தொழில் நலிந்த மீனவர்களின் வறுமையை இப்படம் காட்டுகிறது" என்று தாவிவிடுகிறார்கள். படத்தில் வறுமை எங்கே இருக்கிறது? கிடக்கும் வள்ளம் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாம் படிக்கு நம் கரையின் அறிவு வேண்டும். அது வடகடலா, தென்கடலா? கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். தொழில் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் நகரும். வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும் காலத்தில் நிலைமை தலைகீழ். அப்படியானால் ஆளில்லாத கரை என்பது வெறும் காற்றின் கணக்காக இருக்கலாம். அண்மைக்காலப் படமாக இருந்து, விசைப்படகுகள் வரிசையாக நின்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமா என்று பாருங்கள். 61 நாள் படகு நிற்பதற்கும் தொழில் அழிவதற்கும் தொடர்பே இல்லை.

நிழலையும் படியுங்கள். தனுஷ்கோடி ஏறக்குறைய 9 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை இங்கே நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், அதனால் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். படத்தில் கடல் எந்தத் திசை என்று உறுதியாகத் தெரிந்து, நிழலும் குட்டையாக இருந்தால், ஆண்டின் எந்தப் பாதி என்பது வரை சொல்லிவிடலாம்.

பல வருடங்களுக்கு முன் இப்படியொரு படத்தைத் தங்கச்சிமடத்தில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். நான் வள்ளங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் வலையைத்தான் பார்த்தார். "இது நூல் வலை தம்பி, காயப்போட்டிருக்காங்க, பட்டைச் சாயம் ஏத்தினது, அதான் கறுப்பா இருக்கு" என்றார். பருத்தி நூல் வலையைத் துவர்ப்புள்ள மரப்பட்டைச் சாறில் தோய்த்து, அடிக்கடி வெயிலில் உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். நைலான் வலைக்கு அந்தப் பாடு இல்லை. அந்த ஒரு வாக்கியம் படத்தை நைலான் பரவுவதற்கு முந்தைய காலத்துக்குக் கொண்டுபோனது; வெறுமையாகத் தெரிந்த கரையை வேலை நடக்கும் இடமாகவும் மாற்றியது. படத்தைக் காட்டிப் பேச வைப்பது முறைப்படியான ஆய்வு வழிதான். ஜான் காலியர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1957இலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். உங்கள் 40 படங்களில் பத்தையாவது கரைக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

மூன்றாம் படி: இதை எடுத்தது யார், யாருக்காக? ரயில்வே அதிகாரி எடுத்த படத்துக்கும் பத்திரிகைக்காரர் எடுத்த படத்துக்கும் சட்டகம் வேறு. சட்டகத்துக்கு வெளியே என்ன விடப்பட்டது என்பதும் சான்றுதான். 40 படங்களில் மீன் விற்கும் பெண்கள் எத்தனை படத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையிலிருந்தே ஓர் அத்தியாயம் கிடைக்கலாம்.

ஒவ்வொரு படியிலும் உறுதி குறைந்துகொண்டே போகும். அதை மறைக்காமல் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, வைகை முகத்துவாரத்துக்கு அருகே அழகன்குளம் அகழாய்வில் கப்பல் கோட்டோவியம் கொண்ட பானை ஓடு ஒன்று கிடைத்தது. கோடுகள் இருப்பது உறுதி. அது கப்பல் என்பது ஏறக்குறைய உறுதி. ரோமானியர் காலத்துப் பெரிய கப்பல் வகை என்பது ஒப்பிட்டுச் சொன்ன வாதம். மூன்றையும் ஒரே குரலில் எழுதினால் படிப்பவர் எதை நம்புவது?

1964 புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி என்று வாட்ஸ்அப்பில் நிறையப் படங்கள் வருகின்றன. ஆய்வேட்டில் சேர்க்கலாமா? (இளங்கலை மாணவர், மண்டபம்)

எங்கிருந்து வந்தது என்று தெரியாத படத்தை 1964க்குச் சான்றாக வைக்காதீர்கள். முதலில் கூகுளில் படத்தைக் கொண்டே தேடிப் பாருங்கள். வேறு ஊர்ப் படமாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே பிடிபடும்.

அப்புறம் படத்துக்குள்ளேயே தேடுங்கள். பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. பக்கத்தில் சாலைப் பாலம் தெரிந்தால் படம் 1988ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ எடுத்தது. செங்குத்தாக மேலே எழும் தூக்குப் பாலத்தின் கோபுரங்கள் தெரிந்தால் அது 2025இல் திறந்த புதிய பாலம். தண்டவாளத்தைப் பாருங்கள். இந்தப் பாதை 2000களின் நடுப்பகுதி வரை குறுகலான மீட்டர் கேஜ்தான். அகலப் பாதை ரயிலைக் காட்டி "புயலில் போன ரயில்" என்று யாராவது அனுப்பினால் படக்குறிப்பு பொய். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் அடித்துச் செல்லப்பட்டது. பாலத்தின் இரும்புத் தளங்கள் பலவும் போய், 46 நாள் வேலையில் சீராயின. எனவே தூண்கள் மட்டும் நிற்கும் பாலத்தின் படம் உண்மையானதாக இருந்தால், அது அந்த டிசம்பர் கடைசிக்கும் 1965இன் தொடக்க மாதங்களுக்கும் நடுவில் எடுத்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் படங்களுக்கும் இதையே செய்யுங்கள். சுவரில் இருப்பது பவளப்பாறைக் கற்கள். அந்தச் சுவர் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து வருகிறது. நீங்களே நேரில் போய் அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால், எந்தப் படம் முந்தையது என்று வரிசைப்படுத்திவிடலாம்.

மூலம் கடைசிவரை தெரியாவிட்டாலும் அந்தப் படம் வீண் இல்லை. "இன்று மக்கள் தனுஷ்கோடியை எப்படி நினைவுகூர்கிறார்கள்" என்ற கேள்விக்கு அது நல்ல சான்று. அப்படியானால் ஆய்வுக் கேள்வியை மாற்றிக்கொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியின் கடைசி நுனியான அரிச்சல்முனையின் இரண்டு செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கடலரிப்பை அளந்தேன். சில இடங்களில் 20 மீட்டர் கரை போயிருக்கிறது. எழுதலாமா? (புவியியல் ஆய்வு மாணவர், ராமநாதபுரம்)

நீங்கள் பயன்படுத்தியது லேண்ட்சாட் படம் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதன் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டர். 20 மீட்டர் மாற்றம் ஒரு பிக்சலுக்குள்ளேயே அடங்கிவிடும். கரை போனதா, கோடு வரைந்த கை நகர்ந்ததா என்று பிரிக்க முடியாது. 2015க்குப் பிந்தைய காலத்துக்கு சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் தெளிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதிலும் பிக்சல் அளவைப் பிழையாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் மாதம். உங்கள் முதல் படம் பிப்ரவரி, இரண்டாவது ஆகஸ்ட். அரிச்சல்முனை மணல் திட்டு. வடகிழக்குப் பருவக்காற்றும் தென்மேற்குக் காற்றும் மணலை மாற்றி மாற்றி நகர்த்துவதால், திட்டின் நுனி ஒரே ஆண்டுக்குள் உருமாறும். நீங்கள் அளந்தது பருவத்தின் அசைவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே மாதத்துப் படங்களை, இரண்டு போதாது, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு வரிசையாக எடுங்கள். படம் பிடித்த நேரத்து ஓதத்தையும் (கடல்மட்ட ஏற்ற இறக்கத்தையும்) குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் சரிவு குறைந்த மணலில் அதுவே தண்ணீர்க் கோட்டைப் பல மீட்டர் தள்ளிவிடும். தண்ணீர்க் கோட்டைவிடச் செடிகொடி தொடங்கும் கோடு நம்பகமானது. செடி இருக்கும் இடங்களிலாவது அதைப் பிடித்து அளந்து பாருங்கள்.

பழைய வரைபடத்தில் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் சிவகாசி வருகிறது. வரைபடம் தவறா?

தவறில்லை. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து உருவான ராமநாதபுரம் மாவட்டம் 1985இல்தான் மூன்றாகப் பிரிந்தது. சிவகங்கையும் விருதுநகரும் அதற்கு முன் இதற்குள்தான் இருந்தன. 1985க்கு முந்தைய வரைபடத்தையோ புள்ளிவிவரத்தையோ இன்றைய மாவட்டத்தோடு நேராக ஒப்பிடாதீர்கள்.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரோவியங்களை வைத்து, இங்கே ஆண்ட சேதுபதிகளின் வரலாற்றை எழுத முடியுமா? (கலை வரலாறு, பரமக்குடி)

முடியும். ஆனால் நடந்ததை நடந்தபடி காட்டும் படங்களாக அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை, முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தவை. ராஜராஜேஸ்வரி அம்மன் அரசருக்குச் செங்கோல் கொடுக்கும் காட்சி இருக்கிறது. இதை "முடிசூட்டு விழா" என்று எழுதிவிட்டு நகர்ந்தால் படத்தின் உயிரே போய்விடும். அதிகாரம் எனக்கு அம்மனிடமிருந்து வந்தது, வேறு எந்த மன்னனிடமிருந்தும் இல்லை என்று சொல்லும் உரிமைக் குரல் அது. அதே கட்டடத்துக்குள் தஞ்சை மராத்தியருடனான போர், ஐரோப்பியர் வந்து அரசரைக் காண்பது, ராமாயணக் காட்சிகள் எல்லாம் இருக்கின்றன. எந்தக் காட்சிக்குப் பக்கத்தில் எந்தக் காட்சி, எது பொது மண்டபத்தில், எது உள்ளறையில் என்று ஒரு தரைப்படம் வரையுங்கள். தனித்தனியாகப் போட்டோ எடுத்து வந்தால் இந்த உறவு அறுந்துவிடும். அங்கே வந்து நின்றவர் எதை முதலில் பார்த்திருப்பார் என்பது உங்கள் ஆய்வின் முக்கியமான கேள்வி.

காட்சிகளோடு எழுதியிருக்கும் பெயர்களைப் படித்துவிட்டுத்தான் உருவங்களை அடையாளம் சொல்ல வேண்டும். தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்குங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள். ஏற்கெனவே மங்கிய வண்ணங்கள் அவை, இன்னொரு தலைமுறைக்கும் வேண்டும்.

கடலடிப் படங்களில் வெள்ளையாகத் தெரியும் பவளத்தை "இறந்தது" என்று எண்ணலாமா? (கடல் உயிரியல், கீழக்கரை)

கூடாது. வெளுத்த பவளம் உயிரோடு இருக்கலாம். வெப்பம் கூடும்போது உள்ளிருக்கும் நுண்பாசி வெளியேறுவதால்தான் அது வெளுக்கிறது, வெப்பம் தணிந்தால் தேறவும் கூடும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆண்டுகளில் பெரிய வெளுப்பு நடந்தது. நெருங்கி எடுத்த படத்தில் மெல்லிய தசை தெரிகிறதா என்று பாருங்கள். மேலே பாசி படர்ந்து மங்கியிருந்தால் இறந்து நாளாகிவிட்டது. தண்ணீருக்குள் சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே மறைந்துவிடும், எனவே வண்ண அட்டையை வைத்து எடுக்காத படத்தில் நிறத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரே படத்தொகுதியை இன்னொருவரிடம் கொடுத்துத் தனியாக வகைப்படுத்தச் சொல்லி, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று கணக்கிடுங்கள். கோஹனின் கப்பா அளவை அதற்குப் போதும். ஒத்துப்போகாத படங்களைத் தனியே எடுத்துப் பேசுங்கள். உங்கள் வரையறை எங்கே தளர்ந்திருக்கிறது என்று அவைதான் காட்டும்.

சங்கு குளிப்பவர்களின் வண்ண அஞ்சலட்டை ஒன்று கிடைத்தது. உடையின் நிறத்தைச் சான்றாகக் கொள்ளலாமா?

பழைய அட்டை என்றால் வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பின்னால் வண்ணம் ஏற்றுவது அந்தக் காலத்து வழக்கம். வண்ணம் போட்டவர் இந்தக் கரையைப் பார்த்தே இருக்க மாட்டார். அட்டையின் பின்பக்கத்தையும் படியெடுங்கள். முத்திரைத் தேதி, அனுப்பியவர் எழுதிய வரி, அச்சிட்ட ஊர் எல்லாம் அங்கேதான் இருக்கும். படக்குறிப்பில் மனிதரின் பெயர் இல்லாமல் தொழில் பெயர் மட்டும் இருப்பதையும் எழுதுங்கள்.

கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். நானே எடுத்த படங்களைச் சேர்க்க அவர்கள் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டார்கள். அது போதுமா? (சமூகப்பணி மாணவி, தொண்டி)

போதாது என்றே நினைக்கிறேன். எதற்குச் சம்மதித்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆய்வேடு நூலகத்திலும் இணையத்திலும் யார் கண்ணிலும் படும் என்று சொன்னீர்களா? இந்தக் கரையின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. தீவை ஒட்டி ஒருவர் பாசி எடுக்கும் படம் உங்களுக்குச் சான்று, அவருக்கு அது வம்பாக முடியலாம். அதனால் முகம், படகின் பதிவு எண், பின்னால் தெரியும் தீவின் அடையாளம் மூன்றையும் யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைபேசிப் படத்துக்குள் இடக்குறிப்பு தானாகப் பதிந்திருக்கும், அதை நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

முகம் இல்லாவிட்டால் படம் வீணாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். புடவைக்கு மேல் மாட்டிய ஆண் சட்டை, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றிய துணி, தண்ணீருக்குள் பார்க்க மாட்டும் கண்ணாடி, இவையே பேசும். துணி சுற்றிய அந்தக் கையை மட்டும் நெருக்கமாக எடுங்கள். எடுத்த படங்களை அச்சிட்டுக் கொண்டுபோய் அவர்களிடமே கொடுத்து, எதை வைக்கலாம், எதை எடுத்துவிடலாம் என்று கேளுங்கள். அவர்கள் ஒதுக்கும் படத்துக்குச் சொல்லும் காரணத்தையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.