செய்திக்கு இனி யார் காசு கொடுப்பார்கள்?

கேள்வி: நாங்கள் நடத்துவது ஒரு சிறிய நாளிதழ். அச்சுப் பிரதிகளின் விற்பனை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. இணையதளத்துக்குக் கூட்டம் வருகிறது, ஆனால் அதில் கிடைக்கும் விளம்பரப் பணம் இரண்டு நிருபர்களின் சம்பளத்துக்கே போதவில்லை. தளத்துக்குச் சந்தா வைத்தால் வாசகர்கள் ஓடிவிடுவார்கள் என்கிறது எங்கள் விளம்பரப் பிரிவு. நல்ல செய்திக்கு இனி எங்கிருந்துதான் பணம் வரும்?

பதில்: உங்கள் விளம்பரப் பிரிவு சொல்வது பாதி சரி. முழுத் தளத்தையும் ஒரே நாளில் பூட்டினால் வாசகர்கள் போய்விடுவார்கள். ஆனால் போகிறவர்கள் யார்? கூகுளில் எதையோ தேடி வந்து, ஒரு செய்தியைப் படித்துவிட்டு, எந்தப் பத்திரிகையில் படித்தோம் என்பதே நினைவில்லாமல் நகர்கிறவர்கள்தான் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி. அவர்களால் இப்போதும் உங்களுக்குப் பெரிய வருமானம் இல்லையே.

நல்ல செய்தி தன் செலவைத் தானே சம்பாதித்த பொற்காலம் ஒன்று இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு நிருபர் மூன்று மாதம் ஒரே கோப்பைத் துரத்திக்கொண்டிருந்தபோது அவருக்குச் சம்பளம் கொடுத்தது 'வீடு வாடகைக்கு', 'ஆட்கள் தேவை', 'கார் விற்பனைக்கு' என்ற வரி விளம்பரங்கள்தான். அந்த விளம்பரங்களுக்கும் அவர் எழுதிய செய்திக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இரண்டும் ஒரே தாளில் அச்சானது, அவ்வளவே. இணையம் வந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் வரி விளம்பரத்தைப் பெரும்பாலும் இலவசமாக்கியது. 2000 முதல் 2007 வரை மட்டும் விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இதனால் 500 கோடி டாலர் மிச்சமானது என்று ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் ஜூ ஆகியோரின் ஆய்வு கணக்கிட்டது. அவர்களுக்கு மிச்சமானது பத்திரிகைகளுக்கு நஷ்டம். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 2005-ல் 4,900 கோடி டாலருக்கு மேல் இருந்த அமெரிக்கப் பத்திரிகைகளின் விளம்பர வருமானம் 2020-ல் 1,000 கோடிக்கும் கீழே போய்விட்டது. விளம்பரத்தைவிட வாசகர்கள் கொடுக்கும் பணம் அதிகமானதும் அந்த ஆண்டில்தான்.

நார்வேயின் ஷிப்ஸ்டெட் நிறுவனம் இதை முன்கூட்டியே பார்த்தது. வேறு யாரோ வந்து தங்கள் வரி விளம்பரத்தைத் தின்பதற்கு முன் தாங்களே தின்றுவிடலாம் என்று முடிவு செய்து, 2000-ல் ஃபின் என்ற இணையச் சந்தையைத் தொடங்கியது. அந்தச் சந்தையின் லாபம் பல ஆண்டுகள் அதன் பத்திரிகைகளுக்குக் கை கொடுத்தது. இன்று நீங்கள் அதைச் செய்ய முடியாது, அந்த ரயில் போய்விட்டது. ஆனால் அதன் பாடம் இன்னும் செல்லும்: செய்தியைச் சுமக்க செய்தி அல்லாத ஏதாவது ஒன்று பக்கத்தில் வேண்டும். நியூயார்க் டைம்ஸ் சமையலுக்கும் புதிர்களுக்கும் தனிச் சந்தா விற்பதும், 2022 ஜனவரியில் வேர்டில் என்ற சொல் விளையாட்டை வாங்கியதும் இதே கணக்கில்தான். 2023-ல் ஒரு கோடியைத் தாண்டிய அதன் சந்தாதாரர்கள் எல்லோரும் போர்ச் செய்திக்காகவே வந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் வேர்டில் இல்லைதான். ஆனால் பல பத்தாண்டுகளின் பழைய இதழ்கள், நிகழ்ச்சிப் பட்டியல், ஏல அறிவிப்புகள், உள்ளூர் விளையாட்டு முடிவுகள் ஆகியவை இருக்கும். நிருபர்கள் இவற்றைச் செய்தி என்றே மதிக்க மாட்டார்கள். வாசகர் தினமும் தேடி வருவது பல நேரம் இவற்றுக்காகத்தான்.

தானியங்கி விளம்பரத்தை, அதாவது இடைத்தரகர்களின் கணினிகள் ஏலம் விட்டு உங்கள் தளத்தில் போடும் விளம்பரத்தை, நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கமான ஐஎஸ்பிஏவுக்காக பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனம் 2020-ல் செய்த ஆய்வில், விளம்பரதாரர் கொடுத்த பணத்தில் வெளியீட்டாளருக்குப் போய்ச் சேர்ந்தது 51 சதவீதம்தான். 15 சதவீதம் எங்கே போனது என்பதைத் தணிக்கையாளர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. இது பெரிய நிறுவனங்களின் கதை. உங்களைப் போன்ற சிறிய தளம் நேரடியாகப் பேசி வாங்கும் பத்து விளம்பரதாரர்கள், கோடிக்கணக்கான தானியங்கிப் பார்வைகளைவிட மேல்.

சரி, சந்தாவுக்கு வருவோம். ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் 2024 அறிக்கையில், வசதியான 20 நாடுகளில் இணையச் செய்திக்குப் பணம் கொடுத்தவர்கள் சராசரியாக 17 சதவீதம். நார்வேயில் 40 சதவீதம். அந்தச் சராசரி சில ஆண்டுகளாகவே நகரவில்லை. அப்படிக் கொடுப்பவர்களிலும் பலர் ஒரே ஒரு சந்தாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அது பெரும்பாலும் ஒரு பெரிய தேசிய இதழுக்குப் போய்விடுகிறது. ஆகவே வேறு எங்கும் கிடைக்காத செய்தி எது என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பிரிட்டனின் தி சன் நாளிதழ் 2013 ஆகஸ்டில் கட்டணச் சுவர் (காசு கட்டினால்தான் படிக்கலாம் என்ற தடை) எழுப்பியது; 2015 நவம்பரில் இடித்துவிட்டது. பிரபலங்களின் செய்தியும் கால்பந்தும் பக்கத்திலேயே இலவசமாகக் கொட்டிக் கிடக்கும்போது யார் காசு கொடுப்பார்கள்?

இதற்கு நேர் எதிரான கதை பிரான்சின் மீடியாபார் என்ற இணையச் செய்தித்தளம். 2008-ல் எட்வி பிளெனெல் போன்ற பத்திரிகையாளர்கள் தொடங்கியது. விளம்பரமே கிடையாது, அச்சும் கிடையாது, முழுக்கச் சந்தா. இணையத்தில் எல்லாம் இலவசம் என்றிருந்த காலத்தில் இது பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 2010-ல் பெரும் பணக்காரர் லிலியான் பெத்தான்கூரின் வரி, அரசியல் நன்கொடை விவகாரம், 2012-ல் பட்ஜெட் அமைச்சர் கயூசாக்கின் ரகசிய வெளிநாட்டுக் கணக்கு என்று அவர்கள் உடைத்த செய்திகள் அரசாங்கத்தையே ஆட்டின. கயூசாக் 2013-ல் பதவி விலகினார். ஒவ்வொரு முறையும் சந்தா ஏறியது. புலனாய்வு விற்காது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: அவர்கள் தங்கள் பலத்தைப் புலனாய்வில்தான் குவித்தார்கள். ஏஜென்சி செய்தியை மாற்றி எழுதுவதில் உங்கள் நிருபர்களின் நேரம் எவ்வளவு போகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். செலவைக் குறைக்க வேண்டிய இடம் அதுதான்.

இனி கணக்கு. நிருபரின் சம்பளத்தைப் பணத்தில் எண்ணாமல் சந்தாதாரர்களில் எண்ணுங்கள். ஒரு நிருபரின் ஓராண்டுச் செலவை, கட்டணப் பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் ஆண்டுச் சந்தாவால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது 150 என்று வையுங்கள். அப்புறம் தளத்துக்கு மாதம் பத்து முறைக்கு மேல் வருபவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். லட்சம் பேர் வரும் தளத்தில் இப்படிப்பட்டவர்கள் 4,000 பேர் இருந்து, அவர்களில் பத்தில் ஒருவர் சந்தா கட்டினால் 400 பேர். இரண்டு நிருபர்களுக்கும் சம்பளம் கொடுத்து மிச்சமும் இருக்கும். இந்த எண்கள் கணக்கு போடும் விதத்தைக் காட்டத்தான், உங்கள் எண்களை நீங்களே போட வேண்டும். பத்தில் ஒருவர் என்பது முதல் ஆண்டிலேயே வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த 4,000 பேர் யார் என்று உங்களுக்கு இன்று தெரியாது. எனவே முதல் வேலை பூட்டுப் போடுவது அல்ல, பெயரும் மின்னஞ்சலும் வாங்குவது. மாதம் சில செய்திகளுக்குப் பிறகு இலவசப் பதிவு கேளுங்கள். காலையில் ஆசிரியரே எழுதும் ஒரு செய்திமடல் அனுப்புங்கள். இயந்திரம் தொகுத்த தலைப்புப் பட்டியலை யாரும் இரண்டாம் வாரம் திறப்பதில்லை. மடலைத் தொடர்ந்து திறப்பவர்களிடம்தான் முதலில் சந்தா கேட்க வேண்டும். நியூயார்க் டைம்ஸ் 2005-ல் முக்கியமாகப் பத்தியாளர்களின் எழுத்தைப் பூட்டி வைத்துப் பார்த்து, 2007-ல் கைவிட்டது. 2011-ல் திரும்ப வந்தபோது மாதம் 20 கட்டுரைகள் இலவசம் என்று தாராளமாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு 10 ஆக்கியது. புயல், தொற்றுநோய், வாக்குப்பதிவு போன்றவற்றை எப்போதும் திறந்தே வையுங்கள்.

சந்தா வாங்குவதைவிட அதைத் தக்கவைப்பது கடினம். இங்கேதான் சிறிய பத்திரிகைகள் பணத்தைக் கோட்டைவிடுகின்றன. முதல் மூன்று மாதத்தில் பழக்கமாகாதவர் போய்விடுவார். அந்த மாதங்களில் அவர் எத்தனை நாள் வந்தார் என்பதை ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு கூட்டம் போக விரும்பாமலே போகிறது: அட்டை காலாவதியாகிவிடும், வங்கி பணம் பிடித்தத்தை மறுத்துவிடும், சந்தா தானாக அறுந்துவிடும். முன்கூட்டியே ஒரு நினைவூட்டல், மறுத்தால் சில நாள் கழித்து மீண்டும் ஒரு முயற்சி. இது போதும், ஒரு நல்ல தொகை திரும்பி வரும். விலகும் பொத்தானை ஒளித்து வைக்கும் தந்திரம் மட்டும் வேண்டாம். கோபத்தோடு போனவர் திரும்பி வர மாட்டார்.

பூட்டே வேண்டாம், விரும்பியவர் கொடுக்கட்டும் என்பது பிரிட்டனின் தி கார்டியன் நாளிதழின் வழி. 2018-க்குள் பத்து லட்சம் பேர் ஏதோ ஒரு வகையில் பணம் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதன் பின்னால் 1936-ல் உருவான ஸ்காட் அறக்கட்டளையின் நிதி நிற்கிறது, உலகம் முழுக்க வாசகர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு நான் இதைத் துணை வருமானமாக மட்டுமே சொல்வேன்.

அறக்கட்டளைகளின் நல்கையும் (திருப்பித் தர வேண்டாத நிதியுதவி) உண்டு. அமெரிக்காவின் புலனாய்வுச் செய்தி அமைப்பான புரோபப்ளிகா அப்படித்தான் வளர்ந்தது; அங்குள்ள சால்ட் லேக் ட்ரிபியூன் நாளிதழ் 2019-ல் லாப நோக்கற்ற அமைப்பாகவே மாறியது. நல்கை வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது முடியும் தேதியைக் கணக்கில் வைத்து ஆள் எடுங்கள். செய்தியில் தலையிட மாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் பணத்தைச் சம்பளக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். செய்திக்குப் பணம் கொடுக்கச் சொல்லி 2023-ல் கனடா சட்டம் போட்டதும், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அந்நாட்டில் தன் தளங்களில் செய்தியையே நிறுத்திவிட்டது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் உரிம ஒப்பந்தங்கள் இதுவரை பெரும்பாலும் பெரிய பெயர்களுக்கே போகின்றன.

விளம்பரத்தைச் செய்தி வேடத்தில் வெளியிடும் வழக்கம் உங்களிடம் இருந்தால், சந்தா கேட்பதற்கு முன் அதை நிறுத்துங்கள். அதில் வரும் பணம் இனிக்கும்தான். ஆனால் காசு கொடுத்துப் படிப்பவருக்குச் சந்தேகம் வந்தால் உடனே போய்விடுவார். 2024 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் அதிபர் வேட்பாளர் எவரையும் ஆதரிப்பதில்லை என்று அறிவித்தபோது, உரிமையாளரின் தலையீடு என்று நம்பி இரண்டரை லட்சம் பேர் சந்தாவை முறித்ததாகச் செய்தி வந்தது.

அச்சை எப்போது நிறுத்துவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். கனடாவின் மான்ட்ரியல் நகர நாளிதழான லா பிரெஸ் 2016-ல் வார நாள் அச்சை நிறுத்தியது, ஆனால் அதற்கு முன்பே வாசகர்களைத் தன் இலவச டேப்லெட் பதிப்புக்குக் கொண்டுவந்திருந்தது. உங்கள் அச்சுச் சந்தாதாரர்கள் ஏற்கெனவே பணம் கொடுத்துப் பழகியவர்கள். அவர்களுக்கு இணையப் பதிப்பைக் கூடுதல் கட்டணமின்றித் திறந்துவிட்டு, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து உள்நுழைய உதவுங்கள். அவர்களில் பாதிப் பேராவது இணையத்தில் தினமும் படிக்கத் தொடங்கும்வரை அச்சில் கை வைக்காதீர்கள்.