சி-10 டிரக்கின் டிஸ்ட்ரிபியூட்டர்: பாயிண்டா, எச்.இ.ஐ.யா?

1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி-10 பிக்கப் வைத்திருப்பவர்கள் டிஸ்ட்ரிபியூட்டர் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் திறந்து மூடி, ஸ்பார்க்கை உண்டாக்கும் காயிலின் கரண்டை வெட்டும் தொடுமுனைதான் பாயிண்ட். அதே வேலையை எலக்ட்ரானிக்காகச் செய்வது எச்.இ.ஐ. 307, 350 வி8 எஞ்சின்களில் வரும் டெல்கோ-ரெமி டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். 6 சிலிண்டருக்கு மாறும் இடத்தைத் தனியாகச் சொல்கிறேன்.

1970 சி-10, 350 எஞ்சின். ஐடிலில் நடுக்கம் இருக்கிறது. பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எச்.இ.ஐ. மாட்டு என்கிறார்கள். மாட்டலாமா அண்ணா?

தாராளமாக மாட்டலாம். ஆனால் இருப்பதில் என்ன கோளாறு என்று பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பைக் கழற்றி, ஷாஃப்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் மேல் புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. அதன் பிறகு புது பாயிண்ட் போட்டாலும், எலக்ட்ரானிக் கிட் போட்டாலும் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) ஒரு நிலையில் நிற்காது. ட்வெல் மீட்டர் (பாயிண்ட் எத்தனை டிகிரி மூடியே இருக்கிறது என்று காட்டும் கருவி) இருந்தால் ஐடிலில் ஒரு தடவை, 1750 ஆர்.பி.எம்.மில் ஒரு தடவை பாருங்கள். 3 டிகிரிக்கு மேல் மாறினால் பாயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்தப் புஷ் ஏன் தேய்கிறது என்றால், கீழ்ப் புஷ்ஷுக்கு எஞ்சின் ஆயில் கிடைக்கிறது, மேல் புஷ்ஷுக்குக் கிடைப்பதில்லை. பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் ஒரு சின்னக் குழியில் கிரீஸ் வைத்துத்தான் அது ஓடுகிறது. ஐம்பது வருஷத்தில் அந்தக் கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி கெட்டியாகிவிடும். ஷாஃப்டை உருவி, குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது கிரீஸ் வைத்து, புஷ் மாற்றிப் போட்டால் பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டரே இன்னும் பல வருஷம் ஓடும். பாயிண்ட் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நெடுஞ்சாலையில் நின்றுபோனால் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு சரி செய்துகொண்டு கிளம்பிவிடலாம்.

பாயிண்ட் இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும்? ட்வெல் மீட்டர் கட்டாயமா?

புது பாயிண்ட்டுக்கு 0.019 அங்குலம், ஓடிய பாயிண்ட்டுக்கு 0.016. ஷாஃப்டின் கேம் மேட்டில் பாயிண்ட்டின் கட்டை ஏறி நிற்கும்போது ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். வி8-இல் இன்னும் சுலபமான வழி இருக்கிறது. கேப்பில் ஒரு ஜன்னல் உண்டு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே அதைத் தூக்கி, 1/8 அங்குல ஆலன் கீயை உள்ளே விட்டு, எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும்வரை கடிகாரச் சுற்றில் திருகுங்கள். பிறகு அரைச் சுற்று பின்னால் கொண்டுவாருங்கள். மீட்டர் இல்லாமலேயே ட்வெல் 30 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். 250 இன்லைன் 6-இல் ஜன்னல் கிடையாது, ஃபீலர் கேஜ்தான். எதுவானாலும் ட்வெல்லை முதலில் முடியுங்கள், டைமிங்கைப் பிறகு வையுங்கள். ட்வெல் மாறினால் டைமிங்கும் சேர்ந்து நகரும்.

சாவியை ஸ்டார்ட்டில் பிடித்தால் எஞ்சின் பிடிக்கிறது, கையை விட்டதும் நின்றுவிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டதா?

இல்லை. உங்கள் வண்டியில் காயிலுக்குப் போகும் கம்பியே ரெசிஸ்டன்ஸ் கம்பி. ஓடும்போது காயிலுக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. கிராங்க் செய்யும்போது மட்டும் ஸ்டார்ட்டர் சாலினாய்டின் 'ஆர்' முனையிலிருந்து பேட்டரியின் முழு வோல்டேஜும் நேராகக் காயிலுக்கு வரும். ஸ்டார்ட்டில் பிடித்து, விட்டதும் நிற்கிறது என்றால், பெரும்பாலும் ரெசிஸ்டன்ஸ் கம்பி அறுந்திருக்கும், அல்லது இக்னிஷன் சுவிட்சில் ரன் பக்கம் கரண்ட் வராது. வோல்ட் மீட்டரை காயிலின் பாசிட்டிவில் வைத்து, சாவியை ரன்னில் போட்டுப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது பார்க்க வேண்டும். திறந்திருந்தால் கரண்ட் ஓடாது, கம்பி நன்றாக இருந்தாலும் 12 வோல்ட்தான் காட்டும்.

எச்.இ.ஐ. மாட்டினேன் சார். ஐடில் நன்றாக இருக்கிறது, வேகம் எடுத்தால் மிஸ்ஸிங்.

மேலே சொன்ன ரெசிஸ்டன்ஸ் கம்பியிலேயே கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜி.எம். 1975-இல் தன் வண்டிகளில் எச்.இ.ஐ.யை நிரந்தரமாகக் கொண்டுவந்தபோது அதற்குக் கொடுத்தது முழு 12 வோல்ட். பழைய கம்பியில் மாட்டினால் ஐடிலில் சமாளிக்கும், வேகத்தில் தடுமாறும். ஃபியூஸ் பாக்ஸில் சாவி ரன்னிலும் ஸ்டார்ட்டிலும் கரண்ட் வரும் முனையிலிருந்து தடித்த கம்பி ஒன்று தனியாக இழுங்கள். பிளக் இடைவெளியை 0.035 அங்குலத்திலிருந்து 0.045-க்குத் திறக்கலாம். கேப்புக்குள் காயிலுக்கு அடியில் எர்த் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் மாட்டினால் ஸ்பார்க் தனக்கு வேறு வழி தேடிக்கொள்ளும். மாட்யூல் (எச்.இ.ஐ.க்குள் இருக்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) மாற்றுபவர்கள் அதன் அடியில் சிலிகோன் கிரீஸ் தடவாமல் விடாதீர்கள். சூட்டைக் கடத்துவது அதுதான். சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால் முதலில் மாட்யூலைப் பாருங்கள்.

கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப வைத்தால் கால் அங்குலம் மேலேயே நிற்கிறது. தட்டி இறக்கலாமா?

தம்பி, தயவுசெய்து தட்டாதே! ஷாஃப்டின் அடி நுனி ஆயில் பம்ப் தண்டில் கோத்துக்கொள்ள வேண்டும், அது இன்னும் நேராகவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரால் தண்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி வைத்துப் பார். இல்லையென்றால் கிளாம்ப்பை லேசாகப் பிடித்துவிட்டு எஞ்சினைக் கையால் சுற்று, தானாக விழும். இறங்காத டிஸ்ட்ரிபியூட்டரை போல்ட் போட்டு இறுக்கினால் உடையும், இல்லையென்றால் ஆயில் பம்ப் சுற்றாது. ஆயில் பிரஷர் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் அதன் கதி உனக்கே தெரியும்.

டைமிங் 8 டிகிரி வைத்தேன், மேட்டில் ஏறினால் எஞ்சின் தட்டுகிறது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டுத்தானே வைத்தீர்கள்? ஆம் என்றால் ஐடில் எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். ஹோஸ் அடைத்தபடியே எஞ்சினை 3000 ஆர்.பி.எம். வரை ஏற்றி மொத்த அட்வான்ஸை (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் விழுகிறது என்பதை) பாருங்கள். 34 முதல் 36 டிகிரிக்குள் நின்றால் சரி. அதற்கு மேல் போனால் ஐடிலில் குறையுங்கள். வேகம் ஏற ஏற அட்வான்ஸைக் கூட்டுபவை ரோட்டாருக்கு அடியில் இருக்கும் வெயிட்டுகள். அவற்றின் ஸ்பிரிங் ஒன்று அறுந்திருந்தாலும் அட்வான்ஸ் சீக்கிரமே ஏறிவிடும். துரு பிடித்து வெயிட் ஒட்டிக்கொண்டால் நேர்மாறு: தட்டாது, ஆனால் வண்டி சோம்பிக் கிடக்கும்.

புது பிளக் ஒயர் போட்டதிலிருந்து லேசான மிஸ்ஸிங். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசை) சரியாகத்தான் இருக்கிறது.

1-8-4-3-6-5-7-2, கடிகாரச் சுற்று. இதில் 5, 7 இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த சிலிண்டர்கள், அடுத்தடுத்தே ஃபயர் ஆகின்றன. அந்த இரண்டு ஒயரும் ஒட்டிப் போனால் ஒன்றின் ஸ்பார்க் மற்றொன்றில் தாவும். பிரித்து எடுத்துப் போங்கள், குறுக்காகப் போக வேண்டிய இடத்தில் மட்டும் தொடட்டும். அதற்குப் பிறகும் மிஸ்ஸிங் இருந்தால் இரவில் பானட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு கேப்பைப் பாருங்கள். விரிசல் இருந்தால் நீலக் கோடாகத் தெரியும்.