கடல் ஏறும்வரை உட்காருங்கள்

கேள்வி: இலையுதிர் காலத்தில் கடலோரச் சதுப்பு நிலத்தில் கேமராவோடு நடந்தேன். 400 மி.மீ. லென்ஸ் இருந்தும் பறவைகள் புள்ளி புள்ளியாகத்தான் விழுந்தன. கிட்டே போனால் பறந்துவிடுகின்றன. செடிகளும் வெறும் சிவப்புத் திட்டுதான். பெரிய லென்ஸ் வாங்கலாமா?

பதில்: வேண்டாம், இந்த லென்ஸே போதும். போகிற நேரத்தை மாற்றுங்கள். கடல் வற்றியிருக்கும்போது உள்ளான், மூக்கன் போன்ற கரைப்பறவைகள் சேற்றுவெளி முழுக்கச் சிதறி இரை தேடும். கடல் ஏற்றம் உச்சிக்கு வர இரண்டு மணி நேரம் இருக்கும்போதே போய், கரைமேட்டை ஒட்டி உட்கார்ந்துவிடுங்கள். தண்ணீர் ஏற ஏறச் சேறு சுருங்கும். பறவைகள் தாமாகவே உங்கள் பக்கம் நகரும். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் அட்டவணை பார்த்துக் கிளம்புங்கள். நடுவில் இருக்கும் ஓடைகளைத் தாண்டி மட்டும் போகாதீர்கள். அவை சத்தமில்லாமல் நிரம்பி வழியை அடைத்துவிடும்.

ஒரு தடவை பவளக்காலி ஒன்று பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டது. அலகு நுனியில் ஒரு சொட்டுச் சேற்றுநீர், அது விழுவதற்குள் அடுத்த குத்து. மரத்துப்போன காலை நீட்டலாமென்று எழுந்தேன். அதுவும் பின்னால் இருந்த கூட்டமும் ஒரே வீச்சில் கிளம்பிவிட்டன. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான். 2022 அக்டோபரில் ஐந்து மாதக் குஞ்சான ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. தூரத்தை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது. அப்படிப்பட்ட பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை இந்தப் பறவைகள் இப்படிப்பட்ட சேற்றில்தான் சேர்க்கின்றன. நாம் ஒவ்வொரு முறை கலைக்கும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது. பறவை தலையை உயர்த்தி இரை தேடுவதை நிறுத்தினாலே நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

சரி, செடிக்கு வருவோம். அந்தச் சிவப்பு பெரும்பாலும் உமரியாக இருக்கும். நின்றபடி எடுத்தால் திட்டுதான் கிடைக்கும். பாதை ஓரத்திலேயே வயிறு படப் படுத்து, இறங்குவெயிலுக்கு எதிராக ஒரே ஒரு தண்டைப் பாருங்கள். கணு கணுவாக, நீர் கோத்த தண்டு. அடிக்கணு கருஞ்சிவப்பு, நுனி இன்னும் பச்சை. வெயில் ஊடுருவும்போது உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருக்கும். மேகம் மூடிய நாளென்றால் லென்ஸில் போலரைசர் என்னும் வடிகட்டியைப் போடுங்கள்; ஈரப் பளபளப்பு போய் நிறம் தெளியும். படுத்திருக்கும்போதே கருஞ்சேற்றில் வெள்ளைக் கொக்கு வந்து நின்றால், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது கேமராவுக்குள் போகும் ஒளியைப் பாதியாக, குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இறகு வரி தெரியாமல் வெளுத்துப்போகும்.