என் மகளும் அவளுடைய மட்டக்குதிரையும் முதல் முறையாகக் குதிரைப் போட்டிக்குப் போகிறார்கள். எப்படித் தயார்படுத்துவது?

மகளுக்கு எட்டு வயது, போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கிறது, தாண்ட வேண்டிய கட்டை அரை மீட்டர் உயரம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். சவாரியை உங்கள் மாஸ்டர் பார்த்துக்கொள்வார். மற்றதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் முதல் போட்டி சொதப்பியது சவாரியால் இல்லை.

நான் பயிற்சியாளர் கிடையாது. தாத்தா ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். அப்பா கல்யாணத்துக்கு சாரட்டு வண்டி விட்டார். நான் துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன். தொழில் மாறியும் குதிரை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. மாதவரம் பக்கம் ஒரு கொட்டகையில் அப்பா காலத்து சாரட்டுக் குதிரை ராணி நிற்கிறது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸ்ஸாஜ் (குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் போட்டி) அணி தங்கம் வாங்கியதே, 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம், அதை டிவியில் பார்த்த நாளிலிருந்து மகள் விடவில்லை. அடுத்த ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய் ஒரு வெள்ளை மட்டக்குதிரை வாங்கி வந்தோம். நான்கு அடி உயரம். பெயர் கப்பல். துறைமுகத்துக்காரன் வீட்டுப் பிள்ளை வேறென்ன பெயர் வைக்கும்?

கப்பல் ஜி.என்.டி. ரோட்டில் கன்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போனாலும் காதை ஆட்டாது. பறை அடித்துக்கொண்டு சாவு ஊர்வலம் போகும், சரவெடி வெடிக்கும், அது பாட்டுக்குப் புல் தின்னும். இதைச் சொல்லிச் சொல்லி நான் நிறைய உதார் விட்டிருக்கிறேன். வடசென்னையில் வளர்ந்த குதிரைக்குப் போட்டி மைதானம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

மைதானம் ஊருக்கு வெளியே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. வெள்ளை வேலி, வரிசையாகப் பூந்தொட்டி, புல்தரை. கப்பல் இறங்கியதும் தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தது. அப்புறம் கனைக்க ஆரம்பித்தது. சும்மா ஒரு தடவை இல்லை. உடம்பே குலுங்கக் கனைத்துவிட்டு, பதில் வருகிறதா என்று காதை முன்னால் நிறுத்திக்கொண்டு நிற்கும். வராது. மறுபடியும் கனைக்கும். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட வந்த பாய்தான் சொன்னார். அவர் எங்கள் அப்பா காலத்திலிருந்து குதிரை பார்ப்பவர், எழுபது வயது இருக்கும். “ராணியத் தேடுது தம்பி. இத்தினி நாள்ல ஒரு நாளாவது அத்த தனியா வுட்டுக்கீறியா?”

விட்டதே இல்லை. குதிரை கூட்டத்தோடு வாழும் பிராணி. தனியாக நின்றால் புலி வந்து தின்றுவிடும் என்பது அதன் ரத்தத்தில் இருக்கும் கணக்கு. லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் ராணி நின்றது, ராணி அசையவில்லை, அதனால் இதுவும் அசையவில்லை. தைரியம் ராணியுடையது, பெருமை அடித்துக்கொண்டது நான்.

அதனால் உங்களிடம் இரண்டாவது குதிரை இருந்தால், இன்றே பிரிக்கப் பழக்குங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம், கண்ணில் படும் தூரத்தில், வாயில் புல்லோடு. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம். பிறகு தெரு முனை வரை. கனைப்பு அடங்கிய பிறகுதான் திருப்பிக் கூட்டி வர வேண்டும். கத்தும்போது கூட்டி வந்தால், கத்தினால் கூட்டிப் போவார்கள் என்று கற்றுக்கொள்ளும். எங்களுக்கு இது படிய மூன்று வாரம் ஆனது. முடிந்தால் வேறொருவருடைய இடத்துக்கு ஒரு முறை சும்மா கூட்டிப் போய், மேயவிட்டுத் திரும்பி வாருங்கள். ஏறவே வேண்டாம்.

அடுத்தது வண்டி. நாங்கள் குட்டியானை பேசியிருந்தோம். (குதிரையைக் குட்டியானையில் ஏற்றுகிறோம் என்று மகள் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.) விடியற்காலை நாலரைக்கு வந்தது. கப்பல் பலகையில் முன்னங்கால் வைக்கும், தகரம் ‘டங்’ என்று சத்தம் போடும், பின்னால் போய்விடும். ஐம்பது நிமிடம். நான் இழுக்க, மச்சான் பின்னாலிருந்து தள்ள, டிரைவர் ஹாரன் அடிக்க, பிள்ளை அழ. இழுத்தால் குதிரை எதிர்ப்பக்கம்தான் இழுக்கும், அதன் எடை நம்மைப்போல் நாலு பேர். கடைசியில் பாய் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பலகை மேல் வைக்கோலைப் பரப்பி, உள்ளே தவிட்டு வாளியை வைத்துவிட்டு, கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடத்தில் தானாக ஏறியது. இப்போது போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே அதே வண்டியை நாலைந்து முறை கொட்டகை வாசலில் நிறுத்தச் சொல்லிவிடுகிறோம். தீனி அதற்குள்தான். முதல் இரண்டு நாள் வண்டி நகரக்கூடாது. பிறகு மூலக்கடை வரை ஒரு ரவுண்டு. தரையில் ரப்பர் விரிப்பு போடுங்கள், வழுக்கும் தகரத்தில் ஒரு முறை கால் சறுக்கினால் ஜென்மத்துக்கும் மறக்காது.

தண்ணீர். இது யாரும் எங்களுக்குச் சொல்லாதது. அன்று காலை ஐந்து மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை கப்பல் ஒரு வாய் குடிக்கவில்லை. அங்கே வாளி நிறைய நல்ல தண்ணீர்தான் இருந்தது. மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வாசனை வேறு. கூடவே பதற்றம், வியர்வை. அன்றிரவு கொட்டகையில் படுப்பதும் எழுவதுமாக இருந்தது. முன்னங்காலால் தரையைக் கீறியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. வயிற்று வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது கீழே போயே ஆக வேண்டும், அதனால் இந்த வலி உயிரையே எடுக்கும். டாக்டர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் கொடுத்து, விடியும்போது சாணி போட்டது. ஒரு மனுஷன் சாணியைப் பார்த்து அழுவான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நாம் வடசென்னைக்காரர்கள், குடத்தோடு பிறந்தவர்கள். வீட்டுத் தண்ணீரையே எடுத்துப் போங்கள். சின்னக் குதிரைக்கே ஒரு நாளைக்கு ஒரு குடத்துக்குக் குறையாது, வெயிலில் இரண்டு. இன்னொரு வழியும் உண்டு. ஒரு வாரம் முன்பிருந்தே குடிக்கும் தண்ணீரில் துளி வெல்லம் கரைத்துப் பழக்கிவிட்டால், எந்த ஊர்த் தண்ணீரிலும் அதே வெல்லத்தைப் போடலாம், அதற்கு வித்தியாசம் தெரியாது. நாங்கள் இரண்டையும் செய்கிறோம்.

தீனியையும் போட்டி நாளில் மாற்றாதீர்கள். தெம்பாக ஓடட்டும் என்று கொள்ளைக் கூட்டி வைக்கத் தோன்றும். அன்றைக்கு வேண்டாம். வழக்கமான அளவு, மைதானத்தில் இறங்குவதற்கு வெகு முன்பே. இடையில் புல் மட்டும்.

லாடம் ஒரு வாரம் முன்பே கட்டிவிடுங்கள். முந்தின நாள் கட்டி ஆணி கொஞ்சம் உள்ளே ஏறினால் மறுநாள் நொண்டும், சரிசெய்ய நேரம் இருக்காது. தடுப்பூசிக்கும் நாளைத் தள்ளாதீர்கள். சின்னக் காயத்திலும் குதிரைக்கு டெட்டனஸ் சீக்கிரம் வரும். பிள்ளைக்கும் ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்துக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது பெரிய வசதி. 1903-ல் ஆரம்பித்த கல்லூரி அது. ஆனால் நடுராத்திரி வருகிற டாக்டர் ஒருவர் நம்பரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

குளியல் முந்தின நாள் மாலை. வெள்ளைக் குதிரை என்றால் இன்னொரு எச்சரிக்கை. போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை எங்கள் ஆயா கப்பலுக்கு நெற்றி நிறைய மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னங்காலில் கறுப்புக் கயிறும் கட்டிவிட்டது. கயிற்றை ஆயா பார்க்காதபோது அறுத்துவிட்டேன், காலில் இறுகினால் வம்பு. மஞ்சள்தான் போகவில்லை. ஷாம்பு, சீயக்காய், எலுமிச்சை எல்லாம் போட்டும் இளமஞ்சள் நெற்றியோடுதான் மைதானத்தில் இறங்கியது. நடுவர் அம்மா சிரித்தார்கள். மார்க் எதுவும் குறையவில்லை, தாண்டல் போட்டியில் அழகுக்கு மார்க் கிடையாது.

பிள்ளைக்கு வருவோம். உடை எதுவும் அன்றைக்குப் புதிதாக இருக்கக்கூடாது. ஹெல்மெட் குதிரைச் சவாரிக்கென்று செய்ததாக இருக்கட்டும், சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம். ஒரு முறை விழுந்து அடி வாங்கியதைத் திரும்பப் போடாதீர்கள். கொண்டையோ உச்சிக் குடுமியோ இருந்தால் ஹெல்மெட் உட்காராது, கழுத்தருகே தாழ்வாக ஒற்றைச் சடை போதும். மல்லிப்பூ வேண்டாம் என்று ஆயாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஷூவுக்குக் குதிகால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள், அதாவது கால் வைக்கும் வளையத்துக்குள், வழுக்கி மாட்டிக்கொள்ளும். சேணத்தைக் கட்டும் வயிற்றுப் பட்டையை ஏறுவதற்கு முன் ஒரு தரம் இறுக்கி, நாலு சுற்று நடந்த பிறகு இன்னொரு தரம் இறுக்குங்கள். கட்டும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும் கள்ளத்தனம் எல்லா மட்டக்குதிரைக்கும் உண்டு.

பாதையை மனப்பாடம் செய்வது குழந்தைகளுக்குக் கஷ்டம். நாங்கள் மொட்டை மாடியில் கோலமாவில் கட்டைகளை வரைந்து எண் போட்டோம். மகள் காலாலேயே ஓடித் தாண்டினாள், தினமும் வேறு வரிசையில். சிவப்புக் கொடி வலது கைப்பக்கம், வெள்ளைக் கொடி இடது கைப்பக்கம் இருக்கும்படிதான் தாண்ட வேண்டும். மணி அடிப்பதற்கு முன் கிளம்பினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள், அதனால் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் மணி அடித்துப் பழக்கினேன். கட்டை விழுந்தால் நான்கு, குதிரை ஒரு தடவை நின்றுவிட்டால் நான்கு என்று தப்புப் புள்ளி. சின்னப் போட்டிகளில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், விதியை முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

அன்று முதல் கட்டையிலேயே கப்பல் நின்றது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு “கால அடி, கால அடி” என்று கத்தினேன். பாய் என் தோளில் கை வைத்தார். “வாய மூடு தம்பி. உன் சத்தம் குதிரைக்கும் கேக்குது.” மூடிக்கொண்டேன். பாப்பா ஒரு சுற்று நடத்திக் கூட்டி வந்து, குனிந்து அதன் காதில் என்னவோ சொன்னாள். மறுபடி வந்தது, தாண்டியது. ஐந்தாவது கட்டையை உதைத்துத் தள்ளியது. மொத்தம் எட்டு. கடைசிக்கு முந்தின இடம். என்ன சொன்னாய் என்று இன்று வரை கேட்கிறேன், சொல்ல மாட்டேன் என்கிறாள்.

திரும்பி வந்ததும் மண்ணில் புரளவிடுங்கள், காலைத் தடவிச் சூடு இருக்கிறதா பாருங்கள், இரவு ஒரு முறை எழுந்து சாணியும் தண்ணீரும் கவனியுங்கள். மறுநாள் ஓய்வு. போட்டி மார்கழி கடைசியில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சமயம் கோயில் வேலை, பொங்கல் சரக்கு என்று குட்டியானைக்காரர்கள் பிஸியாகிவிடுவார்கள். பயிற்சிக்கு வண்டியை நிறுத்த ஒத்துக்கொள்கிற டிரைவராகப் பார்த்து இந்த வாரமே பேசி வையுங்கள்.