வலிக்கிற கையோடு வரைவது: கேள்வி பதில்

எனக்கு முடக்குவாதம் வந்து 17 வருடம் ஆகிறது. இரண்டு மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. வாட்டர்கலரும் அக்ரிலிக்கும் வரைகிறேன், தொழிலும் அதுதான். தீராத நோயோடு கலையை விடாமல் வைத்திருப்பது பற்றி நீங்கள் கேட்டவற்றில் என்னால் முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு, நிறுத்தலாமா என்ற கேள்விகளை எடுக்கவில்லை. அவற்றை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. முடக்குவாதம் என்று போன மாதம்தான் சொன்னார்கள். பென்சில் பிடித்தால் பத்தே நிமிடத்தில் கட்டைவிரலின் அடி மூட்டு வலிக்கிறது. வரைவதை விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம் தம்பி. முதலில் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். இந்த நோயில் மூட்டு ஒருமுறை உருக்குலைந்தால் பழையபடி ஆகாது. அந்தச் சேதத்தைத் தடுக்கத்தான் சீக்கிரமே மருந்து தொடங்குகிறார்கள். மருந்துக்குப் பயந்து நான் முதல் ஒன்றரை வருடம் இழுத்தடித்தேன். என் வலது சுட்டுவிரல் வளைந்தது அந்தச் சமயத்தில்தான்.

அடுத்தது பிடி. மெல்லிய பென்சிலை இறுக்கிப் பிடிக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் கட்டைவிரலின் அடியில் போய் விழுகிறது. தண்ணீர்க் குழாய்கள் மேல் போர்த்துவார்களே, கறுப்பு நிற ஃபோம் குழாய், அதில் ஒரு துண்டு வெட்டி பென்சிலின் மேல் செருகுங்கள். பிடி பெருவிரல் அளவுக்குத் தடித்துவிடும், இறுக்க வேண்டியிருக்காது. எச்பி பென்சிலை வைத்துவிட்டு 6பி எடுங்கள். தாளைத் தொட்டாலே கறுப்பு விழும். பிறகு, தாளை மேசையில் படுக்க வைக்காமல் சாய்வுப் பலகையில் பொருத்தி, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கோடு இழுத்துப் பழகுங்கள். முதல் சில வாரம் கோடு கோணலாகத்தான் வரும். தோள் பெரிய மூட்டு, விரலை விட அதிகம் தாங்கும்.

நேரத்தையும் மாற்றுங்கள். இந்த நோயில் காலையில் விறைப்பு அதிகம். பதினொன்றரைக்கு முன் நான் தூரிகையைத் தொடுவதே இல்லை.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கும் இதே நோய்தான். 1890களில் தொடங்கியது, 1919இல் இறக்கும் வரை வரைந்தார். அவர் தூரிகையைக் கையோடு கட்டிக்கொண்டு வரைந்ததாகப் பலரும் சொல்வார்கள். உண்மையில் அந்தத் துணிக்கட்டு, மடங்கிப்போன விரல்களிடமிருந்து உள்ளங்கைத் தோலைக் காப்பாற்றுவதற்கு. தூரிகையைப் பக்கத்தில் இருப்பவர் விரலிடுக்கில் செருகிக் கொடுப்பார். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பெயின்ட் ட்யூபின் மூடியைத் திறந்து தரச் சொல்லி வீட்டில் ஒருவரைக் கூப்பிட எனக்கு நான்கு வருடம் ஆனது. நீங்கள் இன்றைக்கே கூப்பிடுங்கள்.

கேள்வி: நல்ல நாள் கிடைத்தால் நான்கு மணி நேரம் உட்கார்ந்து வரைந்துவிடுகிறேன். அப்புறம் மூன்று நாள் படுக்கை. எப்படிச் சமாளிப்பது?

ஏழெட்டுப் பேர் ஏறக்குறைய இதையே கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பதிலும் இதுதான் பெரிது.

நல்ல நாளில் பேராசை வரும். பல நாள் பட்டினி கிடந்தவர் முன்னால் சாப்பாட்டை வைத்த மாதிரி. அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் ‘வலி வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்’ என்ற கணக்கை விட்டுவிடுங்கள். வலி வரும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும், இன்னும் தெம்பு இருக்கும்போதே.

எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை நிமிடம் வரைந்தேன், மறுநாள் எப்படி இருந்தது, அதற்கு மறுநாள் எப்படி இருந்தது. அந்த மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். நாள்பட்ட களைப்பு நோய் இருப்பவர்களுக்கு உழைப்பின் விளைவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பி ஏமாந்துவிடுவோம். மோசமான நாளிலும் தாங்கக்கூடிய நேரம் எதுவோ, அங்கிருந்து தொடங்குங்கள். அது ஐந்து நிமிடமாக இருந்தாலும் சரி. என் கணக்கு 25 நிமிடம் வேலை, 20 நிமிடம் படுக்கை. இப்படி மூன்று சுற்று. நல்ல நாளிலும் மூன்றுதான்.

இதில் கஷ்டம், பாதியில் எழுந்திருப்பது. போன மாதம் ஜன்னலோரம் இருந்த ஒரு கண்ணாடி ஜாடியை வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருந்தேன். அதன் விளிம்பில் வெளிச்சம் ஒரு நூல் மாதிரி ஓடும். அந்த வெள்ளையை விட்டுவிட்டு இருபுறமும் நீலம் பூச வேண்டும். வலது பாதி முடிந்தது, வண்ணம் இன்னும் ஈரம், அலாரம் அடித்தது. இன்னும் இரண்டே நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம் எனக்கு எப்போதும் நாற்பதாகிவிடும் என்று தெரியும். ஒரு துண்டுச் சீட்டில் ‘இடது விளிம்பு, அதே நீலம், தண்ணீர் கொஞ்சம் கூடுதல்’ என்று எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் நிறுத்திய இடத்தில் வண்ணம் கோடு கட்டிக் காய்ந்திருந்தது. ஈரத் தூரிகையால் அதைக் கரைத்தெடுக்கவே ஒரு சுற்று போனது. நஷ்டம்தான். ஆனால் மறுநாள் நான் உட்கார்ந்திருந்தேன், படுத்திருக்கவில்லை.

அந்தத் துண்டுச் சீட்டை எழுதாமல் எழுந்திருக்காதீர்கள். எங்கே விட்டோம் என்று யோசிப்பதிலேயே மறுநாளின் முதல் பத்து நிமிடம் போய்விடும். அக்ரிலிக் என்றால், மூடி உள்ள டப்பாவில் ஈர ஸ்பாஞ்சைப் பரப்பி மேலே பட்டர் பேப்பர் போட்டு அதன் மேல் வண்ணத்தைக் கலந்துகொள்ளுங்கள். மூடி வைத்தால் சில நாள் காயாமல் இருக்கும். வண்ணம் வீணாகிறதே என்று அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: “படம் வரைய மட்டும் தெம்பு இருக்கிறது, வீட்டு வேலைக்கு இல்லையா” என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் வரைவதையே மறைத்துச் செய்கிறேன்.

மறைத்துச் செய்வதை முதலில் நிறுத்துங்கள் அம்மா. ஒளித்துச் செய்யும்போது அவசரம் வரும், அவசரத்தில் உடம்பு கெடும்.

உட்கார்ந்தபடி இருபது நிமிடம் தூரிகை பிடிப்பதும், நின்றபடி ஒரு மணி நேரம் பாத்திரம் கழுவுவதும் உடம்புக்கு ஒன்றில்லை. அதைச் சொல்லுங்கள். ஆனால் என் மனதில் இருப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே தெம்புதான் செலவாகிறது என்றே வைத்துக்கொள்வோம். இருக்கிற கொஞ்சத்தில் ஒரு பங்கை உங்களுக்குப் பிடித்ததற்கு எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லையா? நோய் வந்தவர் மிச்சத்தையெல்லாம் கடமைக்கே கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

வாதம் செய்து யாரும் மாறி நான் பார்த்ததில்லை. கண்ணால் பார்த்து மாறியிருக்கிறார்கள். என் மாமியார் ஒருமுறை என்னோடு டாக்டரிடம் வந்தார். டாக்டர் என் கையை வாங்கி விரல்களின் அடி மூட்டுகளை இரண்டு பக்கமும் சேர்த்து மெல்ல அழுத்தினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் வண்ணப் பெட்டியைத் தூக்கி, நான் குனியாமல் எடுக்கிற உயரத்தில் வைத்தார். முடிந்தால் அடுத்த முறை வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துப் போங்கள். குறிப்பு நோட்டையும் காட்டுங்கள்.

கேள்வி: வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அந்த நேரத்தில் வரைய முடியுமா?

முடியும், வரைகிறவர்கள் இருக்கிறார்கள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து உருவாக்கும் ஃபிஸ்டுலாவைப் பெரும்பாலும் எழுதாத கையில்தான் வைப்பார்கள், எனவே வரைகிற கை சும்மா இருக்கும். ஊசி இருக்கும் கை அசையவே கூடாது என்பதால் தாளைப் பிடிக்க இன்னொரு கை கிடைக்காது. கிளிப் வைத்த அட்டையில் தாளைப் பொருத்தி மடியில் தலையணை மேல் சாய்த்து வையுங்கள். தண்ணீரும் மையும் வேண்டாம், கலர் பென்சில் போதும். ஒரு ரப்பர் வளையத்தில் நான்கைக் கட்டி எடுத்துப் போங்கள், உருண்டு விழுந்தால் குனிய முடியாது. முதல் முறை நர்ஸிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தலை சுற்றினாலோ குமட்டினாலோ பென்சிலை வைத்துவிட்டு உடனே கூப்பிடுங்கள், ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம்.

கேள்வி: ஆஸ்துமா இருக்கிறது. ஆயில் பெயின்ட் வரையலாமா?

வண்ணத்தை விட, அதைக் கரைக்கும் டர்பன்டைனின் ஆவிதான் பிரச்சினை. தண்ணீரில் கலக்கும் ஆயில் பெயின்ட் கிடைக்கிறது, அதற்கு மாறுங்கள். பேஸ்டல் தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

கேள்வி: லூபஸ் இருப்பதால் வெளியே உட்கார்ந்து வரைவதை விட்டுவிட்டேன். ஜன்னல் ஓரம் பரவாயில்லையா?

கவனம். லூபஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிறது, வெயிலின் புற ஊதாக் கதிர் அதைக் கிளறிவிடலாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு வகையைத் தடுக்கும், யுவிஏ என்ற வகையைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். நேர் வெயில் விழாத ஜன்னலாகப் பாருங்கள். உள்ளே இருந்தாலும் முழுக்கை, சன்ஸ்கிரீன் இரண்டும் இருக்கட்டும்.

கேள்வி: இருபது வருடம் சக்கரத்தில் மண்பாண்டம் செய்தேன். இப்போது மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. வேறு கலைக்குப் போனால் தோற்றுப்போன மாதிரி இருக்காதா?

இருக்கும். கொஞ்ச நாள் அழத் தோன்றும், அழுங்கள். இருபது வருடம் கையில் இருந்தது போவது சின்ன விஷயமில்லை.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941இல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன் பிறகு பெரும்பாலும் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும்தான் இருந்தார். உதவியாளர்கள் தாளில் வண்ணம் பூசித் தர, அவர் கத்தரிக்கோலால் நேரடியாக உருவங்களை வெட்டினார். வங்காள ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 1950களில் கண் அறுவைக்குப் பின் பார்வையை முழுவதும் இழந்தார். பிறகு விரலால் தடவித் தடவி காகித ஒட்டுப்படங்களும் மெழுகு உருவங்களும் செய்தார். இரண்டு பேருமே தங்களுக்குத் தெரிந்ததை அப்படியே இன்னொரு பொருளுக்குக் கொண்டு போனார்கள். உங்களுக்கு உருவத்தின் வயிறு எங்கே உப்ப வேண்டும், கழுத்து எங்கே ஒடுங்க வேண்டும் என்பது தெரியும். அது மணிக்கட்டில் இல்லை. சக்கரம் இல்லாமல், மண்ணைத் திரியாக உருட்டி அடுக்கிச் சின்னதாக ஒன்று செய்து பாருங்கள். மண்ணைப் பிசைவதை மட்டும் வேறு யாராவது செய்து தரட்டும்.

கேள்வி: நான் கதை எழுதுகிறேன். ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பு முழுக்க வலியும் களைப்பும் தரும் நோய். சில நாள் மூளை மேகம் மூடின மாதிரி, ஒரு வார்த்தை வராது.

அந்த நாளில் புதிதாக எழுத உட்காராதீர்கள். எழுதி வைத்ததைச் சத்தமாகப் படித்து போனில் பதிவு செய்யுங்கள், அது முடியாவிட்டால் கேட்க மட்டும் செய்யுங்கள். வார்த்தை வராத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். தெளிவான நாளில் கோடுகளை நிரப்பலாம்.

கேள்வி: ஆர்டர் எடுத்து வரைகிறேன். வாடிக்கையாளரிடம் நோயைச் சொல்ல வேண்டுமா?

நோயைச் சொல்வது உங்கள் விருப்பம். தேதியை மட்டும் நேர்மையாகச் சொல்லுங்கள். நல்ல நாளின் வேகத்தில் கணக்குப் போடாமல், என்ன ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதைப் போல இரண்டு மடங்கு கேளுங்கள். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் கொடுக்கலாம். பிறந்தநாள், கல்யாணம் என்று தேதி மாற்ற முடியாத ஆர்டர்களை நான் எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்து, கடைசி இரவு முழுவதும் விழித்திருந்து முடித்தேன். அதற்கான விலையை ஐந்து வாரம் கொடுத்தேன்.

கேள்வி: நோயைப் பற்றித்தான் வரைய வேண்டுமா? எல்லோரும் அதையே எதிர்பார்க்கிறார்கள்.

வேண்டியதில்லை. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ தன் உடைந்த உடம்பை வரைந்தார், ரெனுவார் பூவும் குழந்தைகளும் வரைந்தார். உங்களுக்கு எதைப் பார்த்தால் கை பரபரக்கிறதோ அதை வரையுங்கள்.

கேள்வி: ஒன்றே கால் வருடமாக எதுவும் வரையவில்லை அக்கா. நோய் முற்றி, மருந்து மாற்றி, இப்போதுதான் எழுந்து உட்காருகிறேன். இனி நான் ஓவியர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

ஓவியர் பால் க்ளே தன் படைப்புகளுக்குத் தானே பட்டியல் வைத்திருந்தவர். 1935இல் அவருக்கு, தோல் தடித்து இறுகும் ஸ்க்லெரோடெர்மா என்று இன்று கருதப்படும் நோய் தொடங்கியது. 1936இல் அந்தப் பட்டியலில் ஏறியவை சுமார் 25. 1939இல் 1,200க்கும் மேல். கோடு தடித்துவிட்டது, வடிவங்கள் எளிதாகிவிட்டன. அடுத்த வருடம் இறந்துவிட்டார். உங்களுக்கும் 1,200 வரும் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த 25 படங்களின் வருடத்திலும் அவர் ஓவியர்தான், அதற்காக எழுதுகிறேன்.

படம் வரைய உட்காராதீர்கள், இந்த வாரம் வேண்டாம். வாட்டர்கலர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வண்ணத்தின் மேலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் அப்படியே படுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே கால் வருடம் காய்ந்திருந்தாலும் நல்ல வண்ணம் இளகிவிடும். பிறகு ஒரு தாளில் ஒவ்வொன்றையும் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை இழுங்கள். தூரிகை பிடிக்க முடியாவிட்டால் பஞ்சால் இழுங்கள். அவ்வளவுதான், மூடி வைத்துவிடுங்கள். எந்த வண்ணம் முதலில் இளகியது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.